குளமும் தாங்கியும்: 'டாங்க்' என்னும் ஆங்கிலச் சொல்லும் வன்னி நிலமும்

ஒரு மொழியின் சொல் பிறமொழி பேசும் நிலத்திற் புகுந்து பயிலும்போது, அந்நிலத்துப் பொருள்களுக்குப் பெயராக அமைவதோடு அது நின்றுவிடுவதில்லை. அப்பொருள்களை நோக்கும் முறையையும் நாளடைவில் வகுத்துவிடுகின்றது. ஆங்கிலத்தில் மிகச் சாதாரணமாக வழங்கும் 'டாங்க்' என்னும் சொல் இதற்குத் தக்க சான்றாகும். மேலைநாட்டு வாசகருக்கு அச்சொல் கூரைமேல் உள்ள நீர்க்கலத்தையோ, மோட்டார் வண்டியின் எரிபொருட் கலத்தையோ, போர்க்களத்து இரும்பு ஊர்தியையோ நினைவூட்டும். இலங்கையின் வரண்ட வலயத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுவோருக்கோ அது முதலிற் சுட்டுவது குளத்தையே. இப்பொருள்கள் யாவும் ஒரு நிலப்பரப்பில், ஒரு தலைமுறையின் அனுபவத்திற்குள் ஒருங்கே வந்து சேர்ந்த இடம் வன்னி. எனவே இச்சொல்லை வன்னியில் வைத்து நோக்குதல் சொல்லாராய்ச்சி என்ற வகையில் மட்டுமன்றி, அந்நிலத்தின் நீர் எதற்கு உரியது, யாருக்கு உரியது என்ற வினாவை விளங்கிக்கொள்வதற்கும் பயன்படுவதாகும்.

சொல் வந்த வழி

'டாங்க்' ஆங்கிலத்துக்கே உரிய பழஞ்சொல் அன்று. யூல், பேர்னல் ஆகிய இருவர் தொகுத்து 1886இல் வெளிவந்த 'ஹொப்சன் ஜொப்சன்' என்னும் ஆங்கில-இந்தியச் சொல்லகராதி அதன் பிறப்பை இரு வழிகளிற் காண்கின்றது. குசராத்தி முதலிய மேற்கிந்திய மொழிகளில் நீர் சேமிக்கும் இடத்தைக் குறிக்கும் உள்நாட்டுச் சொல் ஒரு வழி. தேங்கிய நீரைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்த 'தாங்க்கே' என்னும் போர்த்துக்கேயச் சொல் மற்றொரு வழி. ஓசையாலும் பொருளாலும் நெருங்கியிருந்த இவ்விரண்டும் இந்தியக் கரைகளில் வணிகஞ் செய்த ஐரோப்பியர் நாவில் ஒன்று கலந்தன எனலாம். பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் இதனை எடுத்தாண்டபோது நிலத்தில் நீர் தேங்கி நிற்கும் இடமே அதன் பொருளாயிருந்தது. மரத்தாலோ உலோகத்தாலோ செய்த கலம் என்ற பொருள் அதன்பின் வளர்ந்ததாகும்.

பின்னைய பொருளே பெருவழக்காயிற்று. எண்ணெய்க் கலம், மீன்தொட்டி, மலக்குழி, நீச்சற்குளம் என ஒன்றன்பின் ஒன்றாகப் பல பொருள்களை அச்சொல் ஏற்றது. இன்று அறிஞர் கூடி அரசுக்கு ஆலோசனை வகுக்கும் நிறுவனமும் ஆங்கிலத்தில் ஒருவகை 'டாங்க்' ஆகும். பங்குச்சந்தை விலை சரிவதையும் அதே சொல்லை வினையாக்கிக் கூறுவர்.

போர் ஊர்தி இப்பெயரைப் பெற்ற வரலாறு தனியே குறிக்கத்தக்கது. முதலாம் உலகப் போரின்போது பிரித்தானியாவில் இரகசியமாக உருவாக்கப்பட்ட கவச ஊர்திகளின் தன்மையை மறைக்க, அவை பாலைநிலத்துப் படைகளுக்கு நீர் கொண்டு செல்லும் கலங்கள் என்ற பொய் பரப்பப்பட்டது. அப்பொய்யிலிருந்தே 'டாங்க்' என்ற பெயர் நிலைத்தது. 1916 செப்தெம்பர் 15ஆம் நாள் பிரான்சின் சொம் போர்முனையில் அவை முதன்முதலாகக் களமிறங்கின. கொல்லும் கருவிக்கு நீரின் பெயரை முகமூடியாக இட்டனர். முகமூடியே பின்னர் முகமாயிற்று.

தமிழ் செய்த வேறுபாடு

ஆங்கிலம் ஒரு சொல்லால் அளந்த இப்பரப்பைத் தமிழ் பல சொற்களாற் பகுத்துக் காண்கின்றது. தமிழ்நாட்டின் ஏரி, கண்மாய், ஏந்தல், ஊருணி, கோயிற் தெப்பக்குளம் ஆகிய அனைத்தும் ஆங்கில ஆவணங்களில் 'டாங்க்' என்ற ஒரே பெயருக்குள் அடங்கிவிடுகின்றன. ஏரி பாசனத்துக்கு உரியது; ஊருணி குடிப்பதற்கு உரியது; தெப்பக்குளம் இறைவனது விழாவுக்கு உரியது. பயன் வேறுபடும்போது பெயரும் வேறுபட்டது. செய்யப்பட்ட கலத்தையோ தமிழ்நாட்டார் 'தொட்டி' என்பர்.

இலங்கைத் தமிழில் அக்கலத்துக்கு வழங்கும் சொல் 'தாங்கி'. நீர்த்தாங்கி, எண்ணெய்த் தாங்கி, பெற்றோல் தாங்கி என்பன பத்திரிகையிலும் பாடநூலிலும் ஒருங்கே பயில்கின்றன. ஆங்கில ஒலியை ஒத்திருப்பதுடன், 'தாங்கு' என்ற தமிழ் வினையடியிலும் கால்கொண்டு நிற்பது இச்சொல்லின் சிறப்பு. தெருவோரத்துச் சுமைதாங்கியும் கட்டட உச்சியின் இடிதாங்கியும் முன்னரே பழகியிருந்த காதுக்கு நீர்த்தாங்கி அந்நியமாகத் தோன்றவில்லை. பேச்சுவழக்கில் அது 'ராங்கி' எனவும் திரியும். போர் ஊர்தியும் யுத்த தாங்கி, ராங்கி என்ற பெயர்களையே பெற்றது.

ஈண்டு மனங்கொள்ளத்தக்க செய்தி ஒன்றுண்டு. வன்னித் தமிழர் எவரும் குளத்தைத் தாங்கி என்று கூறியதில்லை. ஆங்கிலத்தில் ஒன்றாய்க் கலந்துவிட்ட இரண்டும் தமிழில் ஒருபோதும் கலந்ததில்லை. தாங்கி வெறுங்கலம், இட்டதை வைத்திருக்கும், திறந்தால் வெளிவிடும், இடம் பெயர்த்தாலும் அதுவே. குளத்தின் இயல்பு இதனின் வேறு.

குளம் என்பது யாது?

வன்னியின் ஊர்ப்பெயர்களை நோக்கினால் இவ்வினாவிற்கு விடை கிடைக்கும். மாங்குளம், புளியங்குளம், கனகராயன்குளம், செட்டிகுளம், அக்கராயன்குளம், வன்னேரிக்குளம் முதலியவற்றில் ஊரின் பெயரும் குளத்தின் பெயரும் ஒன்றே. முத்தையன்கட்டு, உடையார்கட்டு என்பன கட்டினாற் பெயர் பெற்றவை. இரணைமடு, விசுவமடு, கல்மடு என்பன ஆழ்ந்த நீர்நிலையாகிய மடுவினாற் பெயர் பெற்றவை. தண்ணிமுறிப்பு, புதுமுறிப்பு என்பன கட்டு முறிந்த செய்தியையே பெயராகத் தாங்கி நிற்பவை. குளம் இருந்ததும், கட்டப்பட்டதும், ஆழ்ந்ததும், உடைந்ததும் ஆகிய வரலாறு முழுவதும் ஊர்ப்பெயர்களில் எழுதப்பட்டிருக்கின்றது. இவற்றை ஆங்கிலத்திற் பெயர்த்தால், கட்டும் மடுவும் முறிப்பும் மறைந்து யாவும் ஒரே 'டாங்க்' ஆகிவிடும். குளம் என்று முடியும் பெயர்களோ அதே பொருளை இருமுறை கூறும் தொடர்களாக நிற்கும்.

உறுப்புகளின் பெயர்களும் அவ்வாறே. நீரைத் தடுத்து நிற்பது கட்டு. வயலுக்கு நீர் விடும் வாயில் துருசு. மிகுநீர் வழிந்தோடும் இடம் வான். மாரியிற் குளம் நிறைந்து 'வான் பாய்கிறது' என்ற செய்தி ஊரெங்கும் மகிழ்ச்சியும் ஓரளவு அச்சமும் கலந்து பரவும். நீர் அலைமோதும் உட்புறம் அலைகரை. துருசின் கீழே வாய்க்கால், வாய்க்காலின் கீழே வயல். கட்டின்மேல் பிள்ளையாரோ ஐயனாரோ அம்மனோ வீற்றிருப்பதும், பொங்கலிட்டுத் துருசு திறப்பதும் பல இடங்களிற் காணும் வழக்கங்கள்.

நீரைப் பங்கிடும் முறையும் குளத்தின் ஓர் உறுப்பே எனலாம். வடகீழ்ப் பருவமழையை நம்பிச் செய்யும் காலபோகத்தில் வயல் முழுவதும் விதைக்கப்படும். சிறுபோகமோ குளத்தில் எஞ்சிய நீரை மட்டுமே நம்பியது. ஆகையால் போகந் தொடங்குமுன் கமக்காரரும் அலுவலரும் கூடி, குளத்தில் எத்தனை அடி நீர் உண்டு, அது எத்தனை ஏக்கருக்குப் போதும், யாருக்கு எவ்வளவு பங்கு என்பவற்றைத் தீர்மானிப்பர். நீர் குறைந்த ஆண்டில் அனைவரது பங்கும் குறையும். வாய்க்காலைத் துப்புரவாக்குதல், வேலி அடைத்தல், கட்டைக் காத்தல் என்பன பங்கினோடு வரும் கடமைகள். இக்கடமைகள் ஒழிந்தால், நீர் நிறைந்திருப்பினும் குளம் குளமாகாது.

இந்நோக்கு தமிழ் மரபுக்குப் புதியதன்று. பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றாகிய சிறுபஞ்சமூலம் குளந்தோண்டுதலை அறமாகக் கூறுமிடத்து, அதனைத் தனித்து நிறுத்தாமல், மரக்கோடு நடுதல், வழி திருத்துதல், உழுவயல் ஆக்குதல், கிணறு அமைத்தல் என்பவற்றோடு சேர்த்து ஐந்தாக எண்ணுகின்றது. புறநானூற்றின் பதினெட்டாம் பாட்டிற் குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் கூறும் அறிவுரையும் நீரையும் நிலத்தையும் இணைப்பதையே ஆட்சியின் பெரும்பணியாக வற்புறுத்துகின்றது. வயலிலிருந்து பிரித்தெடுத்த குளத்தைப் பழந்தமிழ் அறம் எண்ணவில்லை.

ஆவணமும் நாவலும்

இச்சொல் வன்னியின் நிருவாகத்தில் நிலைபெற்றது பிரித்தானியர் காலத்திலாகும். ஜே. பி. லூயிஸ் எழுதி 1895இல் வெளிவந்த வன்னி மாவட்டங்கள் பற்றிய கையேடு இன்றும் ஆராய்ச்சியாளர் விலக்கவியலாத நூல். குளங்கள், காடுகள், குடிகள், வழக்கங்கள் பற்றி அது திரட்டித் தந்த செய்திகள் பல. எனினும் நிருவாக ஆவணங்களில் குளம் என்பது எண்ணப்படுவதும் அளக்கப்படுவதும் திருத்தப்படுவதுமாகிய ஒரு பொருளாகவே மேலோங்கி நின்றது. பிற்காலத்தில் 200 ஏக்கர் வரையான நிலத்துக்கு நீர் பாய்ச்சுவன சிறுகுளங்கள் என்றும், அதற்கு மேற்பட்டன வேறு வகை என்றும் வகுத்து, அவற்றை வெவ்வேறு திணைக்களங்களிடம் ஒப்படைத்தமையும் இந்நோக்கின் தொடர்ச்சியே. நிருவாகத்துக்கு இத்தகைய வகுப்பு வேண்டியதே. ஆயின் மேற்குளத்தின் கழிவுநீர் கீழ்க்குளத்தை நிரப்பும் ஒழுங்கில், சிறுகுளம் ஒன்று தூர்ந்தால் அதன் கீழுள்ள பெருங்குளமும் பாதிக்கப்படும் என்பதை அவ்வகுப்பு காட்டாது.

ஆங்கிலமே இக்குறையை உணர்ந்தது போலும். இலங்கையின் வரண்ட வலயக் குளத்தொடர்களை ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் உலக முக்கியத்துவம் வாய்ந்த விவசாய மரபுரிமைகளுள் ஒன்றாக ஏற்றபோது, அதற்கு இட்ட பெயரில் 'டாங்க்' என்ற சொல் தனித்து நிற்க முடியவில்லை. 'தொடர்' என்பதையும் 'கிராமம்' என்பதையும் அதனோடு சேர்க்க வேண்டியதாயிற்று. வன்னியான் 'குளம்' என்ற ஒரு சொல்லாற் கூறுவதை உணர்த்த ஆங்கிலத்துக்கு மூன்று சொற்கள் தேவைப்பட்டன.

நிருவாக நூல் காட்டாததைப் படைப்பிலக்கியம் காட்டும். அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' 1973இல் வீரகேசரி வெளியீடாக வந்தது. முல்லைத்தீவுப் பகுதியின் தண்ணிமுறிப்பைக் களமாகக் கொண்ட இந்நாவல் வன்னி மண்ணை ஈழத்து நாவல் உலகிற்கு அறிமுகஞ் செய்தவற்றுள் முதன்மையானது. கதிராமன், பதஞ்சலி ஆகியோரின் வாழ்வு காட்டோடும் நீரோடும் மண்ணோடும் பிணைந்தது. அங்கே குளம் கதை நிகழும் பின்னணி மட்டுமன்று. மாந்தர் எங்கே வாழலாம், எதை உண்ணலாம், எதற்கு அஞ்சவேண்டும் என்பவற்றை வகுக்கும் ஆற்றல். வன்னி பற்றி எழுந்த ஆக்கங்களை மதிப்பிடுவோர், அவற்றிற் குளம் காட்சியாக மட்டும் வருகின்றதா, வாழ்வின் ஒழுங்காக வருகின்றதா என்று வினவுதல் வேண்டும். முன்னையது எவரும் எழுதத்தக்கது. பின்னையதை எழுத அந்நிலத்தின் மொழி வேண்டும்.

மூன்று பொருள்களும் மோதிய காலம்

1997 மே 13ஆம் நாள் தொடங்கிய 'ஜயசிக்குறு' இராணுவ நடவடிக்கை வவுனியாவிலிருந்து வடக்கே கண்டி வீதி வழியாக நகர்ந்தது. அவ்வழியில் அமைந்த ஊர்கள் புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம் என்பன. குளங்களின் பெயர் பூண்ட ஊர்களுக்குள் யுத்த தாங்கிகள் புகுந்தன. ஆங்கிலச் செய்தியாளர் இதனை எழுதியபோது, ஊரின் பெயரையும் ஊர்தியின் பெயரையும் பொருள் பெயர்த்திருந்தால், இரண்டும் ஒரே சொல்லாக முடிந்திருக்கும்.

2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இம்மோதல் உச்சம் பெற்றது. சனவரி 2ஆம் நாள் இராணுவம் கிளிநொச்சியைக் கைப்பற்றியது. நகரின் பெரிய நீர்த்தாங்கி தகர்ந்து தெருவோரத்திற் சரிந்து கிடந்தது. அதே மாதப் பிற்பகுதியில் கல்மடுக்குளத்தின் கட்டு உடைக்கப்பட்டு வெள்ளம் பாய்ந்தது. படையினரின் முன்னேற்றத்தைத் தடுக்க விடுதலைப் புலிகள் அதனைத் தகர்த்ததாக இராணுவம் அறிவித்தது. நீரின் பெயரை முகமூடியாக அணிந்த ஊர்தி, நீர் வைத்திருந்த கலம், நீரை ஆண்ட குளம் ஆகிய மூன்றும் ஒரே மாதத்திற் போரின் கருவியாகவோ போரின் பலியாகவோ ஆயின. சரிந்த தாங்கி அதன்பின் பல்லாண்டு காலம் தெற்கிலிருந்து வந்தோர் கண்டு செல்லும் காட்சிப்பொருளாயிற்று. உடைந்த குளத்தைக் காண எவரும் பேருந்தில் வரவில்லை. அதனைக் கண்டு வருந்தியவர் அதன் கீழ் வயல் செய்தவரே.

போர் முடிந்த 2009இல் வன்னி மக்களுட் பெரும்பகுதியினர் வவுனியா மாவட்டத்து மெனிக் பாம் முகாமில் அடைக்கப்பட்டனர். அங்கு இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஒருகாலத்தில் இருந்தனர்; 2012 செப்தெம்பரில் அது மூடப்பட்டது. அம்முகாம் அமைந்த இடத்தின் அண்மை ஊர் செட்டிகுளம். குளத்தின் பெயர் கொண்ட ஊரின் பக்கத்தில், குளத்தை நம்பி வாழ்ந்த மக்கள், பவுசர் வண்டி வந்து தாங்கியை நிரப்பும்வரை கலன்களோடு வரிசையில் நின்றனர். குளத்து நீரிற் பங்கு உண்டு; பங்கோடு பேச்சுரிமையும் கடமையும் உண்டு. தாங்கி நீருக்குக் காத்திருப்பு மட்டுமே உண்டு. குளத்துக்கும் தாங்கிக்கும் இடையிலான வேறுபாட்டை எந்த அகராதியும் இதைவிடத் தெளிவாக விளக்கியதில்லை.

இரணைமடு பற்றிய வழக்கு

சொல்லின் பொருள் மயக்கம் கொள்கையின் மயக்கமாகவும் ஆகலாம் என்பதற்கு இரணைமடு உதாரணம். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் கனகராயன் ஆற்றை மறித்து அமைக்கப்பட்டுப் பின்னர் பலமுறை உயர்த்தப்பட்ட அக்குளம், ஓர் இலட்சம் ஏக்கர் அடிக்கு மேற்பட்ட நீரைக் கொள்ளத்தக்கது. கிளிநொச்சியின் நெற்செய்கைக்கு அதுவே அடிப்படை. 2010இல் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியோடு ஒப்புக்கொள்ளப்பட்ட யாழ்ப்பாணம் கிளிநொச்சி நீர்வழங்கல் திட்டம், இக்குளத்தைத் திருத்தி அதன் நீரின் ஒரு பகுதியைக் குழாய் வழியாக யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுசெல்லக் கருதியது. கிளிநொச்சிக் கமக்காரர் எதிர்த்தனர். பல ஆண்டு இழுபறியின்பின் யாழ்ப்பாணத்துக்கான மாற்றுவழியாகக் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் தாளையடியில் அமைக்கப்பட்டு 2024 ஆகஸ்டிற் திறந்துவைக்கப்பட்டது.

இவ்வழக்கில் இரு சாராரின் தேவையும் உண்மையானது. ஆறில்லாத குடாநாட்டின் சுண்ணக்கல் நிலத்தடி நீர், உரத்தாலும் கழிவாலும் கெட்டு வருவது மறுக்கவியலாதது. தாகத்துக்கு நீர் கேட்பது குற்றமாகாது. வயலுக்கு நீர் காப்பதும் தன்னலமாகாது. ஆயின் இரு சாராரும் ஒரே சொல்லைப் பேசிக்கொண்டு வெவ்வேறு பொருளைக் கருதினர் என்பதே விவாதத்தின் அடியிற் கிடந்த சிக்கல். திட்ட அறிக்கைக்கு இரணைமடு ஒரு கலம். அதன் கொள்ளளவைக் கூட்டினால் மேலதிகமாக வருவது எடுத்துக்கொள்ளத்தக்க மிகுதி. கமக்காரனுக்கு இரணைமடு ஒரு பங்கீடு. மழை குன்றிய ஆண்டிலே சிறுபோகத்திற் பங்கு குறையும்போது மிகுதி என்று ஒன்று இல்லை. தாங்கிக்குக் கொள்ளளவே அளவு. குளத்துக்குக் குறைந்த ஆண்டே அளவு.

மறுதலையாக, குளத்தைத் தாங்கியாகக் கருதுவதன் ஆபத்து நீர் மிகுந்த காலத்திலும் தோன்றும். 2018 டிசெம்பரிற் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களைப் பெருவெள்ளம் மூழ்கடித்தபோது, இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்ட நேரம் பற்றிய சர்ச்சை எழுந்தது. அதில் எவர் பக்கம் நியாயம் என்பது வேறு செய்தி. நிரப்பி வைப்பது மட்டும் குளத்தை ஆளுதல் ஆகாது என்பதை அச்சர்ச்சை நினைவூட்டியது.

முடிவுரை

'டாங்க்' என்ற சொல்லைக் குறை கூறுவது இங்கு நோக்கமன்று. இந்தியக் கரையிற் பொருள் பெற்று, உலகெங்குஞ் சென்று, பல உருவம் எடுத்த அச்சொல் ஆங்கிலத்துக்குச் செய்த தொண்டு பெரிது. ஆங்கிலச் சொல்லைத் தமிழில் ஆளக்கூடாது என்று கூறுதலும் பொருந்தாது. தாங்கியும் பவுசரும் வன்னி மக்களின் சொற்களாகிவிட்டன. அவற்றை விலக்கினால் அம்மக்களின் பத்தாண்டுத் துன்ப வரலாறும் உடன் விலக்கப்படும். குறை காணவேண்டியது, ஆங்கிலத்தில் எழுதப்பட்ட திட்டத்தைத் தமிழாக்கும் எழுத்தில். 'டாங்க்' என்பதற்கு நேராகக் 'குளம்' என்று எழுதிவிட்டு, அச்சொல்லின்கீழ் வெறும் நீர்க்கொள்ளளவை மட்டும் வைக்கும் அறிக்கை, தமிழ்ச் சொல்லை ஆண்டு தமிழ்ப் பொருளைக் கைவிடுகின்றது. அத்தகைய தமிழைப் படிக்கும் கமக்காரன் தன் குளத்தை அதிற் காணமாட்டான்.

வன்னியின் நீர் பற்றி இனி எழுதப்படும் அறிக்கையாயினும் நாவலாயினும் அதனை மதிப்பிட எளியதோர் அளவுகோல் உண்டு. குளம் என்ற சொல் வருமிடத்திலெல்லாம் தாங்கி என்ற சொல்லை இட்டுப் படித்துப் பார்த்தல் வேண்டும். பொருள் சற்றும் மாறாது நின்றால், அவ்வெழுத்து துருசுக்குக் கீழே இறங்கி வயலைக் காணவில்லை என்று துணியலாம்.